கை இரண்டும் காலியாக: வாய்வழி பிஸ்டலை ஸ்டாண்டில் நிறுத்திக் கெட்டிப்பது

குழலின் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் பிஸ்டலுக்கு உண்மையில் மூன்று கை வேண்டும். பிஸ்டலைப் பிடிக்க ஒன்று, புனலைப் பிடிக்க ஒன்று, மருந்தை ஊற்ற ஒன்று. நமக்கு இருப்பது இரண்டு. ஆரம்ப காலத்தில் நான் அந்த மூன்றாவது கைக்குப் பதிலாக முழங்கால்களைப் பயன்படுத்தினேன். உட்கார்ந்து, பிடியைத் தொடைகளுக்கு இடையில் இடுக்கி, குனிந்து கெட்டிப்பேன். பல பேர் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த நேரத்தில் குழல்வாய் எங்கே பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நேராக உங்கள் தாடையை. அதனால்தான் புதிதாக இந்த விளையாட்டுக்கு வருகிற யாரிடமும், பிஸ்டல் வாங்கிய கையோடு ஒரு ஸ்டாண்டு வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

நான் சுடுவது .45 அளவில் கேப் வைத்துச் சுடும் ஒற்றைக்குண்டு பிஸ்டல். பழைய வடிவத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்தது. கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான். ரிவால்வருக்கு எது மாறும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். சில சொற்களை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். குதிரை என்று நான் சொல்வது பின்னால் இழுத்து வைக்கிற சுத்தியலை. விசை என்பது விரலால் இழுப்பது. கேப் என்பது குதிரை அடித்ததும் பொறி தருகிற சின்ன உலோக மூடி. நிப்பிள் என்பது அந்தக் கேப் உட்காரும் சின்னக் குழாய். மருந்து என்று சொன்னால் கருமருந்து மட்டும்தான். புகையில்லா மருந்தை இந்த வகைத் துப்பாக்கியில் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. அது எழுப்பும் அழுத்தத்தை இந்தக் குழல் தாங்காது, வெடித்துவிடும்.

முதலில் ஸ்டாண்டு எப்படி இருக்க வேண்டும்

கடையில் விற்பது வாங்கினாலும் சரி, நீங்களே செய்தாலும் சரி, மூன்று விஷயம் பாருங்கள். கனம், உயரம், பாரம் எங்கே இறங்குகிறது என்பது.

கனம் ஏன் என்று எனக்குப் பாடம் கற்பித்தது என் முதல் ஸ்டாண்டு. லேசான மரப்பலகையில் நானே அடித்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு நாள் மருந்தை ஊற்றிவிட்டு, குண்டைக் குழல்வாயில் வைத்து, அதை உள்ளே இறக்கும் குட்டைக் கம்பியின் தலையில் ஒரு தட்டு தட்டினேன். ஸ்டாண்டு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. பாதி இறங்கிய குண்டோடு பிஸ்டல் மேசையில் உருண்டு, வாய் அடுத்த மேசைக்காரரின் வயிற்றைப் பார்த்து நின்றது. கேப் வைக்கவில்லை, ஆகவே ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தப் பலகையை உடைத்துப் போட்டேன்.

இப்போது இருப்பதற்கு அடிப்பலகை மட்டும் முப்பது சென்டிமீட்டர் நீளம், இருபது அகலம், கனமான கடின மரம். அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறேன், மேசையில் வழுக்காது. இன்னும் பயமாக இருந்தால் ஒரு கிடுக்கிப் பிடி போட்டு மேசையோடு இறுக்கிவிடுங்கள். நீங்கள் முழு பலத்தோடு குண்டை அழுத்தும்போது ஸ்டாண்டு ஒரு நூல்கூட அசையக் கூடாது.

உயரம் ஆளுக்கு ஆள் மாறும். நின்றுகொண்டு கெட்டிக்கும்போது குழல்வாய் உங்கள் முழங்கை மட்டத்தில் அல்லது சற்றே கீழே இருந்தால் கம்பியை நேர்க்கோட்டில் கீழே தள்ள முடியும். அதைவிட உயர்ந்தால் தோளைத் தூக்கித் தள்ள வேண்டி வரும், கம்பி கோணலாக இறங்கும். ரொம்பத் தாழ்ந்தால் முகம் தானாகக் குழல்வாய்க்கு மேலே போய்விடும். அதுதான் நமக்கு வேண்டாதது.

பாரம் இறங்குகிற இடத்தைப் பற்றித்தான் பலர் யோசிப்பதில்லை. பிஸ்டலை வாய் மேலே பார்க்க நிறுத்தினால் அதன் பிடி வளைந்து ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டாண்டு பிடியின் நுனியை மட்டும் தாங்கினால், மேலிருந்து அழுத்துகிற பாரம் முழுவதும் மரம் மிக மெல்லியதாக இருக்கும் வளைவில் விழும். அங்கேதான் விரிசல் விடும். குழலின் பின்முனைக்கு நேர் கீழே, பிடியின் முதுகு வளைவு ஒரு மெத்தையில் உட்கார வேண்டும். பாரம் குழல் வழியாக நேராக அந்த மெத்தைக்கு இறங்க வேண்டும். விசைக்கவசத்தின் மேல் ஒரு கிராம்கூட விழக் கூடாது. என் ஸ்டாண்டில் அந்த இடத்தில் ஒரு பழைய இடுப்பு பெல்ட்டை மூன்று மடிப்பாக ஒட்டியிருக்கிறேன். மேலே குழல் சாயும் இடத்தில் ஒரு பிளவு வெட்டி, அதற்கும் அதே தோல். பிஸ்டல் லேசாக முன்பக்கம், அதாவது இலக்கு இருக்கும் பக்கம், சாய்ந்து நிற்கும். என் பக்கம் சாயாது. இந்த நாலைந்து டிகிரி சாய்வைத் தவறாமல் வையுங்கள்.

மேசையில் எது எங்கே

சர்வதேசப் போட்டி விதி 30 நிமிடத்தில் 13 தடவை சுடச் சொல்கிறது, அதில் சிறந்த 10 கணக்கில் வரும். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேலேயே கிடைக்கிறது. அவசரமே இல்லை. போட்டிக்குப் போகாதவர்களும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பது நல்லது, ஏனென்றால் மருந்தை வீட்டிலேயே அளந்து 13 சின்னக் குப்பிகளில் அடைத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். மருந்துக் குடுக்கையிலிருந்து நேராகக் குழலில் ஊற்றுவதை எந்த நல்ல சுடுகளமும் அனுமதிப்பதில்லை. குழலுக்குள் ஒரு கங்கு உயிரோடு இருந்தால் எரிவது ஒரு குப்பி மருந்தோடு போகட்டும். குடுக்கை முழுவதும் கையில் வெடிக்கக் கூடாது.

என் பிஸ்டல் 25 மீட்டருக்கு 20 கிரெயின் மருந்தை விரும்புகிறது, ஏறக்குறைய 1.3 கிராம். மூன்று எஃப் என்று குறிக்கும் நைசான ரகம். இது என் பிஸ்டலின் கணக்கு. உங்களுடையதற்கு எவ்வளவு என்பது தயாரித்தவர் கொடுத்த கையேட்டில் இருக்கும். அதன் மேல்வரம்பைத் தாண்டாமல், குறைவான அளவில் ஆரம்பித்து, குண்டுகள் நெருங்கி விழும் அளவைக் கண்டுபிடியுங்கள்.

குப்பிகளை ஸ்டாண்டின் இடது பக்கத்தில் துளை போட்ட கட்டையில் அடுக்குகிறேன். ஊற்றி முடித்த குப்பியை அதே துளையில் தலைகீழாகக் குத்துவேன். வலது பக்கத்தில் ஈயக்குண்டுகளும் அவற்றைச் சுற்றும் துணித்துண்டுகளும். கேப் டப்பா இந்த மேசையில் இருக்கவே கூடாது. அது என் சட்டைப் பையில் இருக்கும், சுடும் கோட்டுக்குப் போன பிறகுதான் வெளியே வரும்.

தலைகீழ்க் குப்பி சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு முறை துணியை வைக்கும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் ஏதோ கேட்டார். பதில் சொல்லிவிட்டுத் திரும்பிக் குண்டை இறக்கினேன். மருந்தே போடவில்லை. கேப் வெடித்தது, பிஸ்டல் சும்மா இருந்தது. குண்டை வெளியே எடுக்க அரை மணி நேரம் ஆனது. அதன் பிறகு இரண்டு பழக்கம் வந்தது. ஒன்று, இந்தக் குப்பி. இன்னொன்று, கெட்டிக்கும்போது யாரோடும் பேசுவதில்லை. கூப்பிட்டால் கையை மட்டும் காட்டுவேன். இப்போது எல்லாருக்கும் தெரியும், காத்திருக்கிறார்கள்.

கெட்டிக்கும் வரிசை

பிஸ்டலை ஸ்டாண்டில் வைப்பதற்கு முன்னாலேயே அது காலியா என்று பார்த்துவிடுங்கள். கம்பியைக் குழலுக்குள் மெதுவாக விடுங்கள். காலிக் குழலில் கம்பியின் பித்தளை நுனி அடியைத் தொட்டதும் டிங் என்று ஒலிக்கும். உள்ளே ஏதாவது இருந்தால் தொப் என்று அமுங்கிய சத்தம் வரும். என் கம்பியில் இரண்டு கோடு கீறியிருக்கிறேன். காலியாக இருந்தால் குழல்வாய் விளிம்பில் நிற்கும் கோடு ஒன்று, மருந்தும் குண்டும் சரியாக உட்கார்ந்தால் நிற்கும் கோடு இன்னொன்று. இந்த இரண்டாவது கோடுதான் முழு வேலையிலும் எனக்கு மிக முக்கியமானது. அதைப் பற்றிப் பிறகு.

எண்ணெய் பூசி வைத்திருந்த பிஸ்டல் என்றால், கெட்டிப்பதற்கு முன் சுடும் கோட்டுக்குப் போய்ப் பாதையைத் திறந்துகொள்ள வேண்டும். வெறும் கேப் ஒன்று வைத்து, வாயைத் தரையில் கிடக்கும் ஒரு காய்ந்த இலைக்கு அருகே பிடித்து விசையை இழுங்கள். இலை துள்ளினால் நிப்பிளிலிருந்து குழல்வரை பாதை திறந்திருக்கிறது. அசையாவிட்டால் ஊசியால் நிப்பிளைக் குத்தித் திறந்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

சரி, இப்போது பிஸ்டலை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். குதிரையை ஒரு சொடுக்கு மட்டும் பின்னுக்கு இழுத்துப் பாதியில் நிறுத்துங்கள். நிப்பிளில் பழைய கேப் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். குண்டு இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். அமைதியான நாளில் காதைக் கிட்டே கொண்டுபோகாமலேயே கேட்கும், குண்டு கீழே போகப் போக நிப்பிளிலிருந்து மெல்லிய உஸ் சத்தம். அந்தச் சத்தம் வந்தால் பாதை சுத்தம்.

மருந்தை நீளமான குழாய் வைத்த புனல் வழியாக ஊற்றுங்கள். குழாய் கிட்டத்தட்ட அடிவரை போக வேண்டும். பித்தளை அல்லது செம்பு நல்லது, தீப்பொறி தராது. குட்டைப் புனலில் ஊற்றினால் மருந்தில் கொஞ்சம் வழியிலேயே சுவரில் உள்ள கரியில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் ஒட்டுகிற அளவு மாறும், குண்டு விழும் உயரமும் மாறும். ஊற்றியதும் புனலை விரலால் இரண்டு தட்டு. பிறகு மெல்ல உருவி எடுங்கள். குழலைப் பக்கவாட்டில் உள்ளங்கையால் லேசாகத் தட்டினால் மருந்து சமமாக அமரும். நான் மூன்று தட்டு தட்டுவேன், எப்போதும் மூன்றுதான்.

அடுத்து துணி. கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள நெருக்கமான பருத்தித் துணி, தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பசை தடவியது. அதை வாயின் நடுவில் விரித்து, குண்டை மேலே வையுங்கள். என் குண்டு .440 அங்குலம், சுத்த ஈயம். அச்சில் வார்த்தபோது வெட்டிய தழும்பு ஒன்று இருக்கும். அது நேர் மேலே பார்க்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பியிருந்தால் குண்டு காற்றில் தள்ளாடும். இந்த இடத்தில்தான் ஸ்டாண்டின் அருமை தெரிகிறது. கை இரண்டும் காலி, பிஸ்டல் அசையாமல் நிற்கிறது, தழும்பை நடுவுக்குக் கொண்டுவர நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளலாம். தொடையில் இடுக்கிக்கொண்டு இதைச் செய்யவே முடியாது.

குட்டைக் கம்பியால் குண்டை வாய்க்குள் ஓரிரு அங்குலம் இறக்கிவிட்டு, நீளக் கம்பிக்கு மாறுங்கள். உள்ளங்கையைக் கம்பியின் உச்சியில் வைத்து அழுத்தாதீர்கள். விரல்களால் பக்கவாட்டில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். உடம்பு பக்கவாட்டில், முகம் குழல்வாய்க்கு நேராக வராமல். கேப் இல்லையே, என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். உள்ளே கங்கு இருந்தால் கேப் தேவையில்லை.

குண்டு மருந்தைத் தொட்டதும் கையில் தெரியும். அதுவரை வழுக்கிக்கொண்டு போனது நின்று, மணலில் ஊன்றியது போல ஒரு கெட்டித்தன்மை. அங்கே ஒரு தடவை நிதானமாக அழுத்துங்கள். குத்தக் கூடாது. கம்பியைத் தூக்கித் தூக்கிக் குத்துபவர்கள் குண்டைத் தட்டையாக்குகிறார்கள், மருந்துத் துகள்களையும் நொறுக்குகிறார்கள். இப்போது கோட்டைப் பாருங்கள். இரண்டாவது கோடு வாய் விளிம்போடு பொருந்துகிறதா? விளிம்புக்கு மேலே நின்றால் குண்டு அடிவரை போகவில்லை. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கிறது. அப்படியே சுட்டால் அந்த இடத்தில் குழல் வளையமாக வீங்கிவிடும், மோசமாகப் போனால் வெடிக்கும். கோடு பொருந்தாத பிஸ்டலுக்குக் கேப் வைக்காதீர்கள். கோடு விளிம்புக்குக் கீழே போனால் மருந்து குறைந்திருக்கிறது அல்லது போடவே இல்லை. நான் மருந்தில்லாமல் குண்டிறக்கிய அன்று என் கம்பியில் கோடே இல்லை. இருந்திருந்தால் கேப் வைக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருப்பதுதான் குண்டுகள் நெருங்கி விழுவதன் ரகசியம். ஸ்டாண்டுக்கு மாறிய பிறகு என் குண்டுக் கூட்டம் சுருங்கியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மருந்து அதே, குண்டு அதே, கண்ணும் அதே கண்தான். தரை போல அசையாத ஒன்றின் மேல் அழுத்தும்போது கை தன் பலத்தைத் தானே நினைவில் வைத்துக்கொள்கிறது.

கம்பியை வெளியே எடுத்து அதன் இடத்தில் வையுங்கள். கம்பியைக் குழலிலேயே மறந்து சுட்டவர்கள் உண்டு. பிஸ்டலை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, வாய் இலக்கைப் பார்த்தபடியே சுடும் கோட்டுக்குக் கொண்டுபோங்கள். கண்ணாடியும் காதடைப்பும் போட்டிருக்கிறீர்களா பாருங்கள். அப்புறம் கேப். நிப்பிளில் கடைசிவரை அமர வேண்டும். பாதியில் நின்றால் முதல் அடி கேப்பைக் கீழே தள்ளுவதிலேயே வீணாகும்.

சுட்ட பிறகும், சுடாமல் போனாலும்

கேப் வெடித்து மருந்து பிடிக்காவிட்டால் பிஸ்டலை அசைக்காமல் இலக்கை நோக்கியே பிடித்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். தாமதமாகப் பிடிப்பது நடக்கும். பிறகு அங்கேயே நிப்பிளை ஊசியால் குத்தி, புதுக் கேப் வையுங்கள். இரண்டு மூன்று தடவையும் பிடிக்கவில்லை என்றால் நிப்பிளைக் கழற்றி, அந்தத் துளையில் கொஞ்சம் மருந்தைத் திணித்து, நிப்பிளை மாட்டி, கம்பியால் குண்டு அடியில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுட்டுத் தள்ளலாம். சுடாத பிஸ்டலை ஸ்டாண்டுக்குத் திரும்பக் கொண்டுவரவே கூடாது. ஸ்டாண்டு காலிப் பிஸ்டலுக்கான இடம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சுட்டது என்றால், கருமருந்தின் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் கரியாகவும் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. அதில் கங்கு ஒளிந்திருக்கலாம். ஈரத் துணியை ஒரு முறை அடிவரை விட்டு எடுங்கள், அப்புறம் காய்ந்த துணி. ஈரம் சொட்டக் கூடாது, சொட்டினால் கரி கரைந்து நிப்பிள் பாதையில் போய் அடைத்துக்கொள்ளும். நாக்கால் தொட்ட தபால்தலை அளவு ஈரம் போதும். அதன் பிறகு அடுத்த குப்பி.

ரிவால்வர் என்றால் கணக்கு கொஞ்சம் வேறு. அதில் துணி கிடையாது. குண்டு, அது உட்காரும் அறையைவிட மயிரிழை பெரியது. .44 ரிவால்வருக்கு .451 அல்லது .454 குண்டு. இறக்கும்போது மெல்லிய ஈய வளையம் சீவி வரும். அது முழு வளையமாக வந்தால் குண்டு அறையை இறுக அடைத்திருக்கிறது என்று அர்த்தம். 1858 ரெமிங்டன் வடிவில் அறைகள் உள்ள சுழலியை எளிதாகக் கழற்றித் தனி அழுத்தியில் கெட்டிக்கலாம். கோல்ட் வடிவில் அதற்குக் குழலையே கழற்ற வேண்டும், ஆகவே துப்பாக்கியோடு ஸ்டாண்டில் நிறுத்துவதுதான் வசதி. மருந்து குறைவாகப் போட்டால் மேலே கோதுமை ரவை நிரப்பி உயரத்தைச் சரிசெய்யலாம், குண்டு அறையின் வாய்க்குச் சற்றுக் கீழே நிற்கும்படி. குண்டுக்கு அடியில் பசை தோய்ந்த கம்பளி வட்டோ, மேலே கெட்டிப் பசையோ வேண்டும். இல்லாவிட்டால் ஒரு அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவக்கூடும். கழற்றிய சுழலிக்குக் கேப் வைக்காதீர்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் ஸ்டாண்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுகிறேன். தோல் மடிப்புகளில் மருந்துத் துகள் சேர்ந்திருக்கும். ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும், அதன் மேல் அடுத்த முறை எந்தப் பொறியும் விழக் கூடாது. பிஸ்டலை அன்றே வெந்நீரிலும் சோப்பிலும் கழுவி, காயவைத்து, எண்ணெய் போடுங்கள். அந்தக் கரி காற்றின் ஈரத்தை இழுக்கும், ஒரு இரவு விட்டாலே துரு வந்துவிடும். பெட்டியில் வைக்கும் முன் ஸ்டாண்டில் கடைசியாக ஒரு முறை நிறுத்திக் கம்பியை விடுகிறேன். டிங் என்று கேட்டதும் மூடிவிடுகிறேன்.